காரணம் என்ற கட்டம்

என் மாமியார் கிட்டார் வாசிப்பார். இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. நம்பியவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும், "உனக்குத் தொந்தரவா இல்லையா?" என்று கேட்கிறார்கள். இல்லவே இல்லை என்று எட்டு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அத்தை முப்பத்தொரு வருடம் நீதிமன்ற நகல் பிரிவில் தட்டச்சு செய்தவர். ஓய்வு பெறும் நாளில் என்ன பரிசு வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். "விரலுக்கு வேலை இல்லாம என்னால இருக்க முடியாது, அதுக்கு ஏதாவது பார்த்துக் குடுங்க" என்றாராம். யாரோ ஒரு குறும்புக்காரர் எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கி, ரிப்பன் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார். கொடுத்தவர் விளையாட்டாகக் கொடுத்தார். அத்தை விளையாட்டாக வாங்கவில்லை. ஐந்து வருடத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரும், காலால் மிதிக்கும் ஒரு எஃபெக்ட்ஸ் பெட்டியும் வந்து கூடத்தில் குடியேறிவிட்டன. கிட்டாரின் சத்தம் அந்தப் பெட்டிக்குள் போய் வெளியே வரும்போது ஆளே மாறியிருக்கும். வேண்டுமென்றால் கரகரக்கும், வேண்டுமென்றால் பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோல எதிரொலிக்கும்.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவள். எனக்கு இரவு வேலை. இரண்டு மாடிகளுக்கு நடுவில் யாராவது மாட்டிக்கொண்டால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவேன். குளித்துச் சாப்பிட்டு எட்டரைக்குப் படுத்தால் மதியம் ஒரு மணி வரை தூக்கம். என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சமையல்காரர், வருடத்தில் பாதி கடலில். ஆக வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி தூங்கும் நேரமும் இன்னொருத்தி வாசிக்கும் நேரமும் ஒன்றாக இருந்தன. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான் அத்தையின் விரல்கள் அவர் பேச்சைக் கேட்கும். அதற்குமேல் மூட்டுகள் வீங்கிக்கொள்ளும். தட்டச்சு கொடுத்த ஓய்வூதியம் என்று அதைச் சொல்வார்.

கல்யாணமான முதல் வாரமே என்னிடம் கேட்டார்.

"நான் வாசிக்கறது உன் தூக்கத்தைக் கெடுக்குதா? சொல்லிடு. மனசுல வச்சுக்காதே."

புது மருமகள் என்ன சொல்வாள்? "ஐயோ, அதெல்லாம் இல்ல அத்தை. தாலாட்டு மாதிரி இருக்கு" என்றேன். 'இல்லை'யோடு நிறுத்தியிருக்கலாம். தாலாட்டு வரைக்கும் போயிருக்க வேண்டாம். வாய் போய்விட்டது. அத்தையின் முகம் அப்படியே மலர்ந்தது. பிறகு அதைத் திருப்பி வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை. தூங்குவதற்கு எனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டேன். அது என்ன என்பதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

இந்த நேரத்தில்தான் அத்தைக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஊரில் ஐந்து பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு வாத்தியக் குழுவில் கிட்டார் வாசித்தவர் விலகிவிட்டார். குழுத் தலைவி ஒரு பல் மருத்துவர், கறாரான மனுஷி. அத்தை ஒரு வருடமாகத் தாளை வைத்துப் பழகிவந்த பதினான்கு வரி உருப்படியையே வாசித்துப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார். அத்தை மாதிரிக்கு முதல் ஆறு வரிகளை மட்டும் அனுப்பினார். பதில் சுருக்கமாக வந்தது: 'விரல் நன்றாக இருக்கிறது. ஆனால் பின்னால் முழுக்க ஒரு விசில். முழு உருப்படியையும் அந்தச் சத்தம் இல்லாமல், ஒரே மூச்சில் வாசித்து அடுத்த சனிக்கிழமை மதியத்துக்குள் அனுப்புங்கள். அதற்குமேல் காத்திருக்க முடியாது.'

அத்தை அதை என்னிடம் படித்துக் காட்டினார். "அறுபத்து மூணு வயசுல என்னை யார் சேர்த்துப்பாங்க சொல்லு? இவங்க ஒருத்தர்தான் கேட்டிருக்காங்க. அதுலயும் விசில்" என்றார். எனக்குக் கஷ்டமாக இருந்தது. கூடவே, மறைப்பானேன், ஆவலாகவும் இருந்தது. பழுது என்று யாராவது சொன்னால் என் காது தானாக நிமிர்ந்துகொள்ளும்.

"எப்படிச் சத்தம் வருது?"

"கீ...ன்னு. கொசுவை நூலாத் திரிச்ச மாதிரி. பெட்டியோட கரகரப்பைக் கூட்டினா அதுவும் கூடுது. இரு, காட்டறேன்."

அது வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி. அத்தை எல்லாவற்றையும் போட்டுக் காட்டினார். விசில் இல்லை. ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன். சுத்தம். அத்தைக்கு அவமானமாகப் போய்விட்டது.

"காலைல வந்துச்சு. ஆறு வாரமா தினமும் வருது, சத்தியமா."

"நம்பறேன் அத்தை. லிஃப்டும் இப்படித்தான். நான் போய் நின்னா சமர்த்தா ஓடும், திரும்பி வாசலைத் தாண்டறதுக்குள்ள மறுபடியும் மாட்டும்."

ஏற்கெனவே பழுதுபார்க்கும் கடையில் இரண்டு நாள் கொடுத்து வைத்திருந்தாராம். கடைக்காரர் திறந்து பார்த்து, மூடி, "உங்க பெட்டில ஒண்ணும் இல்லம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். 'உங்க தலையிலதான் இருக்கு' என்று அவர் சொல்லாமல் சொன்னது அத்தைக்கு இன்னும் ஆறவில்லை.

நான் எங்கள் வேலை முறையைச் சொன்னேன். எங்களிடம் ஒரு பதிவேடு உண்டு. நேரம், பழுது, காரணம், சரிசெய்தது என்று நான்கு கட்டம், கடைசியில் புகார் கொடுத்தவரின் கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லிஃப்டின் கதவு நான் தொடுவதற்கு முன்பே சரியாகிவிட்டது. காரணக் கட்டத்தைக் காலியாக விட்டு, 'சரியாகிவிட்டது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று சாயங்காலமே ஒரு தபால்காரர் அதே கதவு திறக்காமல் உள்ளே இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டார். என் மேலதிகாரி பதிவேட்டைத் தூக்கி மேஜை மேல் போட்டார். "காரணம் தெரியாம சரியானது சரியானதே இல்ல. அது ஒளிஞ்சிருக்கு" என்றார். அன்றிலிருந்து அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டதில்லை.

அத்தைக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. நீளநோட்டு ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அச்சடித்ததுபோல நான்கு தலைப்புகளையும் எழுதினார். பக்கத்தில் 'அப்போது வீட்டில் ஓடியவை' என்று ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார். நீதிமன்றத்தில் வேலை செய்தவர் அல்லவா, சாட்சி இல்லாமல் எதையும் விடமாட்டார்.

அடுத்த ஆறு நாளும் எங்கள் வீடு ஒரு விசாரணைக் கூடமாக இருந்தது. அத்தை காலையில் சோதித்து எழுதி வைப்பார். நான் மதியம் எழுந்து, சாப்பிட்டுக்கொண்டே அதைப் படிப்பேன். மறுநாள் செய்ய வேண்டியதைச் சொல்வேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது என்றேன். சனிக்கிழமை பெட்டியை அடாப்டரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டினார். விசில். ஞாயிற்றுக்கிழமை கேபிளை மாற்றினார். விசில். திங்கட்கிழமை குளிர்சாதனப் பெட்டி, ட்யூப்லைட், போன் சார்ஜர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்தார். விசில். அன்றே கிட்டாரைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மட்டும் ஓட்டிப் பார்த்தார். நிசப்தம்.

"அப்ப பெட்டி நிரபராதி" என்றார் அத்தை, நோட்டைத் தட்டி.

"ஆமா அத்தை. கிட்டார் வழியா எங்கிருந்தோ உள்ளே வருது. கிட்டார்ல காந்தம் இருக்கில்ல, அது கம்பியோட அதிர்வை மட்டுமா பிடிக்கும்? பக்கத்துல எந்த மின்சாரக் குப்பை பறந்தாலும் பிடிக்கும். பெட்டி அதை நூறு மடங்காப் பெருக்கிக் காட்டுது."

"அது யாரோட குப்பை?"

அதுதான் கேள்வி. எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கேள்வி ஒரு ருசியைக் கொடுத்துவிட்டது. அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சாப்பிட்டியா, படுத்தியா, அவன் போன் பண்ணினானா என்பதோடு சரி. இப்போது நான் கண் விழித்ததும் அத்தை நோட்டோடு கதவருகே நிற்பார். "இன்னைக்கு வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். குறைஞ்சுது! சுவர் பக்கம் திரும்பினேன். ஏறுச்சு!" என்பார். ஒரு நாள் பல்கூடத் துலக்காமல் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை மட்டும் விசில் வரவில்லை. அன்று எனக்குப் பகலில் பாதுகாப்புப் பயிற்சி. காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். சாயங்காலம் வந்ததும் அத்தை படியிலேயே மடக்கினார்.

"புதன்கிழமை எது இல்ல? யோசி!"

"தையல் கடை!"

கீழ்த்தளத்தில் ஒரு தையல் கடை உண்டு. கம்ப்யூட்டரில் ஓடும் எம்பிராய்டரி மெஷின் இரண்டு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் புதன்கிழமை விடுமுறை. எல்லாம் பொருந்தியது. காலையில் வருகிறது, மதியம் அவர்கள் சாப்பிடப் போகும்போது வருவதில்லை, புதனன்று வரவே இல்லை. குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அன்று நானும் அத்தையும் ஆளுக்கு இரண்டு டம்ளர் காபி குடித்தோம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அத்தை என்னை எழுப்பினார். அது அவர் வழக்கமே இல்லை. "மன்னிச்சுக்கோம்மா. தையல்காரர் அஞ்சு நிமிஷம் எல்லாத்தையும் அணைக்கறேன்னு ஒத்துக்கிட்டார். நீ கூடத்துல கேளு, நான் கீழே நிக்கறேன்" என்றார். நான் பாதித் தூக்கத்தில், கலைந்த தலையோடு, அப்படியே எழுந்து கூடத்துக்கு வந்தேன்.

விசில் இருந்தது. ஆறு வாரமாக வீட்டில் இருந்த சத்தத்தை அன்றுதான் முதல் தடவையாக என் காதால் கேட்டேன். அத்தை சொன்னது சரி, திரித்த கொசுதான். கீழே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அத்தை படியிலிருந்து, "எல்லாம் அணைச்சாச்சு!" என்று கத்தினார்.

விசில் நிற்கவில்லை. ஒரு இழைகூடக் குறையவில்லை.

எனக்குத் தூக்கம் பறந்துவிட்டது. ஆவல் என்றால் அப்படி ஒரு ஆவல். கிட்டாரைக் கையில் எடுத்தேன். அதன் வயர் நீளம்தான். மோப்பம் பிடிக்கிற நாயை நடத்துவதுபோல அதை முன்னால் நீட்டிக்கொண்டு மெல்ல நடந்தேன். வாசல் பக்கம் போனால் தேய்ந்தது. ஜன்னல் பக்கம் போனால் இன்னும் தேய்ந்தது. உள் சுவர் பக்கம் திரும்பினேன், ஏறியது. சுவரை ஒட்டி நகர்ந்தேன். ஏறிக்கொண்டே போய், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஒரே ஒரு இடத்தில் காதைக் குத்தியது. அங்கே கூடத்தின் பிளக் பாயின்ட் இருந்தது. அதில் எதுவும் செருகப்படவில்லை.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். என் கட்டில். கட்டிலின் தலைமாட்டில் முதுகோடு முதுகாக இன்னொரு பிளக் பாயின்ட். அதில்...

திரும்பி என் அறைக் கதவைப் பார்த்தேன்.

அதில் என் மழைப்பெட்டி இருந்தது. இதைத்தான் பிறகு சொல்கிறேன் என்றேன். உள்ளங்கை அளவு வட்டமான ஒரு சாதனம். போட்டால் மழை பெய்கிற சத்தம் வரும். காதுகளில் பஞ்சு வைத்துப் பார்த்தேன், தலையணையைப் போட்டு அமுக்கிப் பார்த்தேன், எதுவும் உதவவில்லை என்றதும் ஆறு வாரத்துக்கு முன் வாங்கி வந்தேன். அத்தைக்குத் தெரியாமல் கட்டிலுக்குப் பின்னால் வைத்திருந்தேன். படுக்கும்போது போடுவேன், எழுந்ததும் அணைப்பேன். அன்று எழுப்பிய அவசரத்தில் அணைக்கவில்லை. அதனோடு வந்த மட்டமான அடாப்டர்தான் அந்தக் குப்பையைச் சுவர் வழியாக வீசிக்கொண்டிருந்தது. நான் தூங்கும்போது விசில். நான் எழுந்து பழுது பார்க்க வந்தால் நிசப்தம். புதன்கிழமை வீட்டில் இல்லாதது தையல் கடை மட்டும் அல்ல, நானும்தான். பழுதுபார்ப்பவளே பழுது. என்னை நானே ஒரு அறை விடலாம்போல இருந்தது.

அறைக்கு ஓடிப்போய் அதைப் பிடுங்கினேன். கூடத்தில் விசில் பட்டென்று நின்றது. அத்தை மூச்சு வாங்க மேலே வந்தார்.

"நின்னுடுச்சே! என்ன பண்ணினே?"

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? 'உங்கள் வாசிப்பைக் கேட்காமல் இருக்க நான் வாங்கி வைத்த பொருள்தான் உங்கள் வாசிப்பைக் கெடுத்தது' என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் நாளை மதியம் கடைசி நாள் என்று இருக்கும்போது? எடுத்தாயிற்று, இனி வராது, காரியம் முடிந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்ல அத்தை. வயரை லேசா அசைச்சேன். லூஸ் கனெக்‌ஷன் போல."

அத்தை நோட்டை எடுத்தார். பேனாவைத் திறந்தார். காரணக் கட்டத்தின் மேல் பேனா நின்றது.

"எந்த வயர்?"

"கிட்டார் வயர்."

"அதை ஞாயிற்றுக்கிழமை மாத்தியாச்சே. எந்த முனை?"

"இந்த... லேசா இந்தப் பக்கம்..."

அத்தை பேனாவை மூடினார். என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. "முப்பத்தொரு வருஷம் சாட்சி சொன்னதெல்லாம் தட்டச்சு பண்ணியிருக்கேன். பொய் சொல்றவங்க எல்லாரும் 'லேசா'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துப்பாங்க. லேசா தள்ளினேன், லேசா பட்டுது. நீ ஏன் சொல்றேன்னு தெரியல. ஆனா காரணம் தெரியல, அது மட்டும் தெரியுது. நாளைக்கு வாசிக்கும்போது நடுவுல வந்துட்டா? ஒளிஞ்சிருக்குன்னு நீதானே சொன்னே?"

"வராது அத்தை."

"எப்படித் தெரியும்?"

அத்தை கிட்டாரைத் துணியால் துடைத்து உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "வேண்டாம்னு அந்தம்மாவுக்குச் சொல்லிடறேன். அசிங்கப்படறதுக்கு அது மேல்" என்றார்.

நான் போய்ப் படுத்தேன். மழை இல்லை. கிட்டாரும் இல்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் காலை பத்தரை மணிக்கு அந்த வீடு அமைதியாக இருந்தது. நான் ஏங்கிக் கிடந்த அமைதி. ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷி தனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பை உறைக்குள் போட்டு மூடிவிட்டாள், அதன் காரணம் என் தலைமாட்டில் கிடக்கிறது. பத்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மழைப்பெட்டியையும் அடாப்டரையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

"கிட்டாரை எடுங்க அத்தை. போடுங்க."

ஏன் என்று கேட்காமல் எடுத்துப் போட்டார். நான் அடாப்டரைச் சுவரில் செருகினேன். விசில் பாய்ந்து வந்தது. பிடுங்கினேன். போய்விட்டது. மறுபடி செருகினேன், வந்தது. மூன்றாவது தடவையும் வந்தது. இந்த மாதிரி மூன்று தடவை செய்து காட்ட வேண்டும் என்பது எங்கள் வேலையில் சட்டம்.

அத்தையின் கண்கள் விரிந்தன. "இத்தனூண்டு சாமானா! எங்கே இருந்துச்சு? என்ன இது?"

"மழைப்பெட்டி. மழைச் சத்தம் வரும். தூங்கறதுக்கு. என் ரூம்ல இருந்துச்சு."

"எத்தனை நாளா?"

"ஆறு வாரமா."

"மழை எதுக்கு?" என்று கேட்டவர், கேட்டு முடிப்பதற்குள் பதிலைத் தொட்டுவிட்டார். முகம் அப்படியே வாடிப்போனது. "தாலாட்டுன்னு சொன்னியேம்மா."

"பொய் சொன்னேன் அத்தை."

"எட்டு மாசமாவா?"

"எட்டு மாசமா."

அவர் கிட்டாரின் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு வலித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு, 'எந்த வயர்?' என்று கேட்டபோது இருந்த அதே குரலில் கேட்டார். "அவ்வளவு மோசமா இருக்கா? எங்கே மோசம்? எல்லாமேவா, இல்ல ஒரு இடமா?"

இன்னொரு பொய்க்கு என்னிடம் தெம்பு இல்லை. "ஏழாவது வரி" என்றேன்.

"என்ன?"

"முதல் ஆறு வரி ரொம்ப நல்லா இருக்கும். எனக்கு மனப்பாடம். ஏழாவதுல சத்தம் கீழே இருந்து மேலே தாவும். தாவினதும் ஒரு டொங். உடனே நிறுத்திட்டு முதல்ல இருந்து ஆரம்பிப்பீங்க. ஒரு காலைல நாற்பது தடவை. எனக்குச் சத்தம்கூடப் பரவாயில்ல அத்தை. அந்த டொங் எப்ப வரும், எப்ப வரும்னு காத்துக்கிட்டே தூங்க முடியல. ஏழாவதுக்கு அப்புறம் என்னதான் வரும்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"தப்பு வந்தா முதல்ல இருந்துதானே ஆரம்பிக்கணும்?"

"ஏன்?"

"ஏன்னா... நகல்ல ஒரு எழுத்து தப்பினா தாளையே எடுத்துடணும். அழிக்கக்கூடாது, மேல அடிக்கக்கூடாது. கடைசி வரியில தப்பினாலும் புதுத் தாள்."

"எங்க வேலைல நாலாவது மாடிக் கதவு மாட்டிச்சுன்னா நாங்க தரைத்தளத்துல இருந்து ஆரம்பிக்க மாட்டோம். நேரா நாலாவது மாடிக்குப் போவோம்."

அத்தை என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். "சரி, நாலாவது மாடிக்கே போவோம்" என்று ஆறாவது வரியின் வாலிலிருந்து ஆரம்பித்தார். தாவினார். டொங்.

அவர் வாசிப்பதை நான் விழித்திருந்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டு மாதம் கேட்டும் தெரியாத ஒன்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. "இன்னொரு தடவை" என்றேன். டொங். "அத்தை, நீங்க கையைப் பார்க்கவே மாட்டேங்கறீங்க."

"கையைப் பார்க்கறவ தட்டச்சுக்காரியா? முதல் நாளே எங்க டீச்சர் கை மேல துணியைப் போட்டு மூடிடுவாங்க. கண்ணு தாள்லதான்."

"தட்டச்சு மெஷின்ல கை இருந்த இடத்துலயே இருக்கும். இங்கே ஒரு சாண் தாவணுமே. பாருங்க. ஒரே ஒரு தடவை பாருங்க."

அவருக்கு அது கௌரவக் குறைச்சல். வேண்டா வெறுப்பாகத்தான் தலையைத் திருப்பினார். கண் முதலில் மேலே போய் இடத்தைப் பிடித்துக்கொண்டது, கை பின்னால் போய் உட்கார்ந்தது. டொங் இல்லை. தெளிவான, நீளமான ஒரு ஒலி வந்தது. அத்தை அடுத்த வரிக்குப் போகவில்லை. மறுபடி அதையே வாசித்தார். மறுபடி. பத்து தடவை. விரல் வீங்கத் தொடங்கியதும் நானே கிட்டாரை வாங்கி வைத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலையிலிருந்து வந்தேன். படுக்கவில்லை. ஒன்பது மணிக்குக் கூடத்துத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அத்தை பெட்டியை மிதித்தார். சத்தம் துடைத்துவைத்ததுபோல இருந்தது. ஆறு வரிகள் ஓடின. ஏழாவதில் அவர் கண் மேலே போனது, கை போனது, ஒலி பிசகாமல் நின்றது. பிறகு எட்டாவது வரி வந்தது. எட்டு மாதம் படிக்கட்டில் நின்றிருந்தவளுக்குக் கதவு திறந்ததுபோல இருந்தது. இவ்வளவு அழகான ஒன்று அந்த ஏழாவதுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது, நான் மழையைப் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறேன். அழுதுவிட்டேன். பதிவில் கேட்கக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பத்து மணிக்குள் அனுப்பிவிட்டோம். நான் போய்ப் படுத்தேன். எழுந்தபோது மணி இரண்டு. சாப்பாட்டு மேஜையில் நோட்டு திறந்து கிடந்தது. விசிலுக்கு எதிரே காரணக் கட்டத்தில் 'அடாப்டர்' என்று எழுதி, புகார் கொடுத்தவர் இடத்தில் அத்தை கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரிசை இருந்தது.

நேரம்: எட்டு மாதம்.

பழுது: மருமகளுக்குத் தூக்கம் இல்லை.

காரணம்: தாலாட்டு.

சரிசெய்தது: இனி வாசிப்பு காலை ஏழு முதல் எட்டரை வரை. கேட்பவர் விழித்திருப்பார். விரலுக்கு வெந்நீர்.

கையெழுத்து இடம் காலியாக இருந்தது. அத்தை போனைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தார். "வியாழக்கிழமை ஒத்திகைக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றார். உடனே நோட்டைத் தட்டினார். "இந்தப் புகார் உன்னோடது. நீதான் போடணும்."

"சோதிச்சுப் பார்க்காம எப்படி அத்தை போடறது?"

"அதானே" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல், தட்டோடு அவர் எதிரில் உட்கார்ந்தேன். அத்தை ஒரு புது உருப்படியை எடுத்திருந்தார். மூன்றாவது வரியில் தப்பினார். நிறுத்தினார். நான் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன். அவர் கண் பழக்கத்தில் தாளின் தலைக்கு ஓடியது, அங்கே ஒரு கணம் நின்றது, பிறகு கீழே இறங்கி வந்தது. மூன்றாவது வரியிலிருந்து ஆரம்பித்தார்.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டேன்.